பொறியியலும் ‘பொறியியல் தொழில்நுட்ப’மும்: ஒன்ராறியோச் சமுதாயக் கல்லூரிகளிற் கணினிக் கல்வி பற்றிய ஒரு சமூகவியல் நோக்கு

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்திலே கணினியின் உள்ளமைப்பை முறையாகக் கற்க விரும்பும் ஓர் இளைஞன் முன்னே இரு வாயில்கள் உள்ளன. ஒன்று, பல்கலைக்கழகத்தின் நான்காண்டுக் கணினிப் பொறியியற் பட்டம். மற்றையது, சமுதாயக் கல்லூரி எனப் பொதுவழக்கில் அழைக்கப்படும் நிறுவனத்தின் மூன்றாண்டுக் ‘கணினிப் பொறியியல் தொழில்நுட்ப’ உயர் டிப்ளோமா. முன்னதை முடித்து, அனுபவமும் தேர்வும் நிறைவு செய்து உரிமம் பெறுபவர் பொறியியலாளர். பின்னதை முடிப்பவர் தொழில்நுட்பவியலாளர். அதே கல்லூரியில் இரண்டாண்டுடன் நிற்பவர் தொழில்நுட்பர். இம் மூன்று பெயர்களும் மூன்று வேறு சம்பளங்களையும், மூன்று வேறு அதிகார நிலைகளையும் குறிப்பன. ‘பொறியியலாளர்’ என்னும் பட்டத்தை உரிமமின்றி ஒருவர் தம் பெயரோடு சேர்த்துக்கொள்வதை அம்மாகாணத்தின் சட்டம் தடைசெய்கிறது. ஒரு சொல்லுக்குச் சட்டத்தின் காவல் வேண்டியிருக்கிறதென்றால், அச்சொல்லின் பின்னால் வெறும் அகராதிப் பொருளுக்கு மேலாக ஏதோ இருக்கின்றது என நாம் ஐயுறுவது இயல்பே.

‘தொழில்நுட்பம்’ என்ற அடைச்சொல் பிரித்துவைப்பது எதனை? இலக்கிய மாணவன் ஒருவன் இவ்வினாவை எழுப்புவது சிலருக்கு வியப்பாயிருக்கலாம். சொற்களின் வரலாற்றைச் சமுதாய வரலாற்றிலிருந்து பிரித்தறிய முடியாதென்பதை ஏற்றுக்கொள்வோர்க்கு அதில் வியப்புக்கு இடமில்லை.

முதலிற் பாடநெறியையே நோக்குவோம். ஆறு தவணைகளாக அமையும் இக்கல்வி மின்சுற்றிலிருந்து தொடங்குகின்றது. ஓமின் விதி, மின்தடை, கொள்ளளவி ஆகியவற்றைப் பலகையிலே பொருத்தி, அலைவுகாட்டியால் அளந்து அறிந்தபின், தர்க்கப் படலைகள் வருகின்றன. இரு உள்ளீடுகளும் ‘ஒன்று’ ஆகும்போது மாத்திரம் ‘ஒன்று’ எனும் விடையைத் தரும் படலை, அதன் மறுதலை, இவ்வாறு ஒருசில எளிய உறுப்புகளே அடித்தளம். இவற்றின் வெளியீட்டை மீண்டும் உள்ளீடாக வளைத்துக் கட்டும்போது ‘எழு-விழு’ எனப்படும் சுற்று உண்டாகின்றது. அது தன் முன்னைய நிலையை நினைவில் வைத்திருக்கும். கணினியின் நினைவகம் எனப்படுவது இதிலிருந்தே கருக்கொள்கிறது. எழு-விழுக்களை வரிசையாக இணைத்தால் எண்ணி. அவற்றை ஒரு கடிகாரத் துடிப்புக்குக் கட்டுப்படுத்தினாற் பதிவகம். பின்னர் கூட்டி, கட்டுப்பாட்டலகு, நுண்செயலி. அடுத்த தவணைகளிலே அதே இயந்திரத்தை மென்பொருட் பக்கத்திலிருந்து அணுகுகின்றனர்: பொறிமொழிக்கு மிக அண்மித்த ஒருங்குசேர்ப்பு மொழி, சி மொழி, லினக்ஸ் போன்ற இயங்குதளங்கள், வலையமைப்பு. இறுதித் தவணைகளில் மாணவர் ஒரு கருவியைத் தாமே வடிவமைத்து, அச்சுச் சுற்றுப்பலகையில் உருவாக்கி, நிரற்படுத்தி, இயக்கிக் காட்டவேண்டும். சில கல்லூரிகளிலே இடையிடையே ஊதியத்துடன் கூடிய தொழிற்சாலைப் பயிற்சித் தவணைகளும் உண்டு.

இக்கல்வி கீழானதன்று, இதை அழுத்திச் சொல்ல வேண்டும். சல்லி மணலாகிய சிலிக்கனிலிருந்து வலைப்பின்னல் வரை இயந்திரம் முழுவதையும் கையாலே தொட்டறியும் வாய்ப்பு இதில் உண்டு. வேறு பல உயர் கல்விநெறிகளில் அது கிட்டுவதில்லை. ஆயின், ஓரிடத்திலே கோடு கிழிக்கப்பட்டுள்ளது. அக்கோடு கணிதத்தினூடாகச் செல்கின்றது.

ஓர் எளிய எடுத்துக்காட்டைத் தரலாம். ஒரு மின்தடையையும் ஒரு கொள்ளளவியையும் இணைத்தால் உயர் அதிர்வெண்களைத் தடுத்துத் தாழ் அதிர்வெண்களைச் செல்லவிடும் வடிகட்டி கிடைக்கும். மின்தடை 1 கிலோ ஓம், கொள்ளளவி 0.1 மைக்ரோபரட் எனின், ஏறத்தாழ 1592 ஹேர்ட்ஸ் என்ற எல்லைக்கு மேல் அது தடுக்கத் தொடங்கும். கல்லூரி மாணவனுக்கு இதற்கான சூத்திரம் கொடுக்கப்படுகின்றது. அவன் பெறுமானங்களை இட்டுக் கணிக்கின்றான், சுற்றைக் கட்டுகின்றான், அளக்கின்றான், கணித்ததும் அளந்ததும் ஏன் சற்று வேறுபடுகின்றன என்பதற்கு உறுப்புகளின் வழுவளவைக் காரணங் காட்டுகின்றான். பல்கலைக்கழக மாணவனோ அச்சூத்திரத்தை வகையீட்டுச் சமன்பாடொன்றிலிருந்து தானே பெற்றுக்கொள்கின்றான். பின்னர் லப்லாசின் உருமாற்றத்தைக் கொண்டு, இதுவரை எவருங் கட்டாத சுற்றொன்றின் நடத்தையையும் முன்கூட்டியே எழுதிவிட அவனால் இயலும். ஒருவனுக்குச் சூத்திரம், மற்றவனுக்குச் சூத்திரத்தின் பிறப்பு. சுற்றைக் கட்டுவதில் முதலாமவன் இரண்டாமவனை வென்றுவிடுவதும் உண்டு. ஆனால் எந்தச் சுற்றைக் கட்டுவது என்று தீர்மானிக்கும் கூட்டத்தில் அவனுக்கு நாற்காலி இடப்படுவது அரிது.

இப்பிரிவினை கணினியை விட மூத்தது; உண்மையில், கணினி என்ற எண்ணமே இப்பிரிவினையின் வயிற்றிற் பிறந்ததுதான். பிரெஞ்சுப் புரட்சியையடுத்து 1790களில், பாகையளவை பதின்மமுறைக்கு மாற்றப்பட்டபோது, மடக்கைகளுக்கும் திரிகோண கணிதத்துக்கும் புதிய அட்டவணைகள் தேவைப்பட்டன. அப்பொறுப்பை ஏற்ற தெ புரோனி, 1776இல் வெளிவந்த அடம் சிமித்தின் ‘நாடுகளின் செல்வம்’ நூலிலே குண்டூசித் தொழிற்சாலை பற்றிக் கூறப்பட்ட வேலைப்பிரிவினையை எண்களின் உற்பத்திக்குப் பயன்படுத்தினார். அவர் அமைத்த முதலாம் அணியில் ஐந்தாறு கணித மேதைகள். எச்சூத்திரம் பொருத்தமானது என ஆராய்வது அவர் பணி. இரண்டாம் அணியில் ஏழெட்டுப் பேர். சூத்திரத்தை எண்களாக மாற்றி வேலைத் தாள்களைத் தயாரிப்பது அவர் கடமை. மூன்றாம் அணியில் அறுபது முதல் எண்பது பேர். அவர்கள் கூட்டினர், கழித்தனர், அவ்வளவே. பொறியியலாளர், தொழில்நுட்பவியலாளர், தொழில்நுட்பர் என்னும் இற்றைப் படிவரிசையின் மூலவடிவம் இங்குத் துலக்கமாகத் தெரிகின்றது.

இம்முயற்சியை விரிவாக எடுத்துரைத்தவர், கணினியின் முன்னோடி எனப் போற்றப்படும் சார்ள்ஸ் பபேஜ். 1832இல் அவர் வெளியிட்ட இயந்திரங்களின் பொருளாதாரம் பற்றிய நூலிலே, மூன்றாம் அணியினரிற் பத்தில் ஒன்பது பங்கினர்க்குக் கூட்டலும் கழித்தலுமன்றி வேறு கணக்குத் தெரியாதென்றும், அவர்களே பெரும்பாலும் பிழை குறைந்தவர்களாய் இருந்தனரென்றும் குறிப்பிடுகின்றார். அம்மூன்றாம் அணியின் இடத்திலே இயந்திரத்தை இருத்துவதே அவருடைய ‘வேறுபாட்டுப் பொறி’யின் நோக்கம். அதே நூலில் அவர் இன்னொன்றையுங் கண்டுரைத்தார். ஒரு தொழிலைத் தேர்ச்சி மட்டங்களாகக் கூறுபடுத்தினால், ஒவ்வொரு கூறுக்கும் வேண்டிய அளவு தேர்ச்சியை மாத்திரம் முதலாளி விலைக்கு வாங்கலாம். முழுத் தேர்ச்சியும் உடையவனுக்குரிய கூலியை எல்லா வேலைக்குங் கொடுக்க வேண்டியதில்லை. மார்க்சின் ‘மூலதனம்’ முதற்பாகம் (1867) பபேஜை எடுத்தாள்வதும், 1974இல் ஹரி பிறேவர்மன் தமது ‘உழைப்பும் ஏகபோக மூலதனமும்’ என்ற நூலில் இதனைப் ‘பபேஜ் கோட்பாடு’ எனப் பெயரிட்டு விரித்ததும் தற்செயலல்ல. கணினியைக் கனவு கண்டவரும் கல்வியறிவைச் சில்லறையாக வாங்கும் வழியைக் கூறியவரும் ஒரே மனிதர்.

ஒன்ராறியோவிலே இக்கோட்பாடு நிறுவன வடிவம் பெற்ற கதைக்கு வருவோம். ரொறன்ரோவில் 1948இல் ரையர்சன் தொழில்நுட்ப நிறுவனம் தொடங்கப்பட்டது. எனினும் மாகாணம் முழுவதற்குமான வலையமைப்பு உருவானது 1965இலேயே. அவ்வாண்டு மாகாணக் கல்வி அமைச்சராயிருந்த வில்லியம் டேவிஸ் ‘பிரயோகக் கலைகள், தொழில்நுட்பக் கல்லூரி’களுக்கான சட்டமூலத்தைக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டில், ரொறன்ரோவின் கிழக்கேயுள்ள ஸ்காபரோவில், சென்ரெனியல் கல்லூரி முதலாவதாகக் கதவைத் திறந்தது. பழைய தொழிற்சாலைக் கட்டடமொன்றே அதன் முதலாவது இல்லம் என்பது சுவையான செய்தி. இன்று அம்மாகாணத்தில் இத்தகைய அரச கல்லூரிகள் 24 உள்ளன.

இதற்கு ஐந்தாண்டு முன்னர், 1960இல், அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் தன் பெருந்திட்டத்தை வகுத்தபோது, ஈராண்டுக் கல்லூரியிலிருந்து பல்கலைக்கழகத்தின் மூன்றாமாண்டுக்கு ஏறும் படியொன்றை, ஏட்டளவிலாவது, அமைத்துவைத்தது. ஒன்ராறியோவின் மூலவர்கள் அதைக்கூடச் செய்யவில்லை. கல்லூரி வேறு, பல்கலைக்கழகம் வேறு. ஒன்றிலிருந்து மற்றதற்குச் செல்வது கல்லூரியின் பணிகளுள் ஒன்றன்று என்பதே அவர்களது வடிவமைப்பு. பின்னாளில் நிறுவனங்கள் தத்தமக்குள்ளே உடன்படிக்கைகள் செய்துகொண்டன. இம்மாற்றங்களை ஒருங்கிணைக்க மாகாண மட்டத்தில் ஒரு சபை தோன்றியது 2011இல். சட்டம் வந்து 46 ஆண்டுகள் கழித்து! இதற்கிடையில் ரையர்சன் 1993இற் பல்கலைக்கழகமாக உயர்ந்துவிட்டது (2022 முதல் அது ரொறன்ரோ மாநகரப் பல்கலைக்கழகம்). நிறுவனம் ஏணியில் ஏறிற்று. அதன் முன்னைய டிப்ளோமாக்காரர் நின்ற படியிலேயே நின்றனர்.

கலிபோர்ணியாவின் படியும் எல்லாரையும் ஏற்றிவிடவில்லை. சன் ஹோசேயிலிருந்த ஒரு கல்லூரியை ஆராய்ந்த பேர்ட்டன் கிளார்க் 1960இல் ஒரு கருத்தை வெளியிட்டார். பட்டம் பெறும் ஆசையோடு வரும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளையைக் கல்லூரி வெளியே தள்ளுவதில்லை. மதியுரை, தேர்வு, ‘உமக்குப் பொருத்தமான’ மாற்றுப் பாடநெறி என மெல்ல மெல்ல அவனது ஆசையைக் குளிரவைக்கின்றது. ஈற்றிலே தோல்வியை அவன் தன்னுடைய தகுதிக் குறைவு என்றே ஏற்றுக்கொள்கிறான். கிளார்க் இதைக் கண்டனமாகச் சொல்லவில்லை; எல்லோர்க்கும் ஆசை காட்டிச் சிலர்க்கே இடம் வைத்திருக்கும் சமுதாயத்துக்கு இது தேவையான ஏற்பாடு என்ற தொனியிலே சொன்னார். கண்டனத்தைப் பின்னர் செய்தவர்கள் ஸ்டீவன் பிரின்ற், ஜெரோம் கரபெல் ஆகியோர். தொழிற்கல்வியை நோக்கிய திருப்பம் மாணவரின் கோரிக்கையால் மாத்திரம் வந்ததன்று, கல்லூரி நிர்வாகிகள் தம் நிறுவனத்துக்கு ஒரு தனிச் சந்தையைத் தேடிக்கொண்டதன் விளைவுமாகும் என 1989இல் வெளிவந்த அவர்களது நூல் காட்டிற்று.

இவ்விடத்திலே பலர் நின்றுவிடுகின்றனர். கல்லூரி என்பது வர்க்க மீளுற்பத்திக் கருவி, அவ்வளவே என்பர். இம்முடிவு எனக்கு முழு மனநிறைவைத் தரவில்லை. உற்பத்திச் சக்திகளின் அசைவை அது கணக்கில் எடுப்பதில்லை.

ஸ்காபரோவில் முதற் கல்லூரி திறக்கப்பட்டபோது கணினி என்பது ஓர் அறையை நிரப்பும் பொருள். கோடிக்கணக்கான விலையுடைய அதனைக் கல்லூரி மாணவன் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தாலே பெரிது. 1971இல் இன்ரெல் நிறுவனம் 4004 என்னும் நுண்செயலியை விற்பனைக்கு விட்டது. செயலகம் முழுவதும் ஒரு சில்லினுள் அடங்கியது. அடுத்து வந்த ஆண்டுகளிலே தொழில்நுட்பரின் பொற்காலம் ஒன்று நிலவிற்று எனலாம். பழுதான பலகையிலே எந்த உறுப்பு எரிந்தது என அலைவுகாட்டியால் தேடிப் பிடிப்பது அருங்கலையாய் மதிக்கப்பட்டது. பின்னர் உறுப்புகள் நுணுகின. பலகையைத் திருத்துவதிலும் மாற்றுவது மலிவாயிற்று. பழுதறியும் திறன் ஒரு நிரலுக்குள் இடம்பெயர்ந்தது. திருத்துநன் மாற்றுநன் ஆனான். பிறேவர்மன் கூறிய தேர்ச்சியிழப்புக்கு இதனிலும் தெளிவான சான்று வேண்டியதில்லை. பிறேவர்மன் இளமையிற் செம்புத் தொழிலாளியாக உழைத்தவர். ஒரு கைத்தொழில் கண்முன்னே கரைந்துபோவதன் கசப்பு அவர் எழுத்திலே உண்டு.

ஆனால் அதே நுணுக்கம் எதிர்த்திசையிலும் வேலை செய்தது. சில்லு மலிந்தபோது முழு இயந்திரமும் மாணவனின் மேசைக்கு வந்துவிட்டது. 2012இல் பிரித்தானியாவிலே வெளியான ராஸ்பெரி பை என்னும் சிறு கணினி 35 டொலருக்கு விற்கப்பட்டது; உள்ளங்கையில் அடங்கும் அப்பலகையிலே இயங்குதளம் முழுவதும் ஓடும். அவ்வியங்குதளமோ எவருந் திறந்து படிக்கக்கூடிய மூலநிரலையுடையது. ஒரு காலத்திலே ஆய்வுகூடப் பேராசிரியர்க்கே உரியதாயிருந்த அறிவு இரவு வேலைக்குப் போய்வந்து பகலிற் கற்கும் மாணவனின் கையிலே கிடக்கின்றது. உழைப்பை மலிவாக்கப் புகுத்திய கருவி உழைப்பாளியின் அறிவையும் விரிக்கின்றது. பிறேவர்மனின் பகுப்பாய்விலே முதற்கூறு உண்டு, இரண்டாவது மிகக் குறைவு. முரண்பாட்டின் ஒரு கையை மட்டும் பிடித்துக்கொள்வது இயக்கவியல் நோக்காகாது. எனினும் கருவி கைக்கு வருவதனால் தீர்மானிக்கும் உரிமையும் வந்துவிடுமென எண்ணுவதும் பேதைமை. கனடாவின் பெரும் தொலைத்தொடர்பு நிறுவனமாகிய நோர்ரெல் 2009 ஜனவரியில் நீதிமன்றப் பாதுகாப்பை நாடி வீழ்ந்தபோது, வேலையிழந்தோரிற் பொறியியலாளரும் இருந்தனர், தொழில்நுட்பவியலாளரும் இருந்தனர். கோட்டின் இரு பக்கமும் கூலியுழைப்பே என்பதை அந்நிகழ்ச்சி, சற்றுக் கொடூரமாக, எடுத்துக்காட்டிற்று.

இக்கலைத்திட்டத்திலே என் துறைசார்ந்த ஒரு மூலையும் உண்டு. கணினி மாணவர் அனைவரும் ‘தொடர்பாடல்’ என்ற ஆங்கிலப் பாடத்தையும், பொதுக்கல்விப் பாடங்கள் சிலவற்றையும் கட்டாயம் கற்க வேண்டும். முன்னதிலே கற்பிக்கப்படுவன அறிக்கை, குறிப்பாணை, வேலை விண்ணப்பம், கருவியின் பயன்பாட்டுக் கைநூல் ஆகியவை. மேலிருப்போர்க்கு விளங்கும்படி கீழிருப்போர் எழுதும் மொழி என்று இதனைச் சுருங்கச் சொல்லலாம். ரேமண்ட் வில்லியம்ஸ் 1961இல் வெளியிட்ட ‘நீண்ட புரட்சி’யிலே ஆங்கிலக் கல்விவரலாற்றை மூன்று சக்திகளின் இழுபறியாக விளக்கினார்: கல்வி எல்லார்க்கும் உரிமை என்போர், கைத்தொழிலுக்கு ஆள் பயிற்றுவோர், பழைய மானிடவியற் கல்வியைக் காப்போர். கணினித் தொழில்நுட்ப மாணவனின் நேரசூசியிலே இரண்டாம் சக்தி ஐந்து நாள்களையும் எடுத்துக்கொண்டபின், மூன்றாவதற்கு ஒரு மணி நேரம் மிஞ்சியிருக்கின்றது. 1923ஆம் ஆண்டின் இத்தாலியக் கல்விச் சீர்திருத்தத்தை முன்னிறுத்திச் சிறையிலிருந்து எழுதிய கிராம்சி, தொழிற்பாடசாலைகள் பெருகுவது பார்வைக்கு ஜனநாயகமாகத் தோன்றினும், ஒவ்வொரு வர்க்கத்துக்கும் ஒரு பாடசாலை எனச் சமூக வேறுபாட்டை உறைய வைப்பதே அதன் விளைவு என எச்சரித்தார். கையையும் மூளையையும் ஒரே கூரையின்கீழ்ப் பயிற்றும் பொதுப் பாடசாலையே அவர் வேண்டியது. தொழிற்கல்வியை அவர் இழிவாக எண்ணவில்லை. நம் நாட்டுக் கலைப்பீடத்தார் சிலர் கிராம்சியைப் படித்துவிட்டு ஆய்கூடத்தை ஏளனஞ் செய்வது அவரைத் தலைகீழாகப் படித்ததன் பயன்.

இனி, அக்கல்லூரிகளின் மாணவர் யார்? 1983இன் பின்னர் பெயர்ந்து சென்ற ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியமர்ந்த இடங்களுள் ஸ்காபரோ முதன்மையானது. போராலும், அதற்கு முன்னர் 1970களின் தரப்படுத்தலாலும் கல்வி முறிந்தவர் அவர்களுட் பலர். பல்கலைக்கழகத்தின் கதவைவிடக் கல்லூரியின் கதவு அகலமானது. உணவகத்திலோ தொழிற்சாலையிலோ உழைத்துக்கொண்டு பகுதிநேரமாகவும் படிக்கலாம். அவ்வாறு நுழைந்தவர்க்கு அது குளிரவைக்கும் அறையாக மட்டும் இருந்ததெனக் கூறுவது அநீதி. பலர்க்கு அது முதன்முதலாகக் கிடைத்த அடுப்பங்கரை வெப்பமுமாகும்.

அந்த அகன்ற கதவுக்கும் விலை ஏறிற்று. 2017 ஒக்ரோபரிலே ஏறத்தாழப் பன்னிரண்டாயிரம் கல்லூரி ஆசிரியர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். தவணைக்குத் தவணை ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும் பகுதிநேர ஆசிரியர் பெருகியமையே முக்கிய பிணக்கு. ஐந்து வாரங்களின் பின் மாகாணச் சட்டசபை சட்டமியற்றி அவர்களை வேலைக்குத் திருப்பியது. பபேஜ் கோட்பாடு கணினி மாணவனிடம் மாத்திரமன்றி, அவனுக்குக் கற்பிப்பவரிடமும் வந்துசேர்ந்துவிட்டமை நோக்கத்தக்கது. 2019இல் மாகாண அரசு உள்நாட்டு மாணவரின் கட்டணத்தை 10 வீதம் குறைத்து அந்நிலையிலேயே உறையவும் வைத்தது. அதனால் ஏற்பட்ட இழப்பைத் தன் மானியத்தால் ஈடுசெய்யவில்லை. கல்லூரிகள் பன்மடங்கு கட்டணஞ் செலுத்தும் வெளிநாட்டு மாணவரை, சிறப்பாக இந்தியரை, பெருந்தொகையிற் சேர்த்தன. பஞ்சாபின் ஒரு கிராமத்திலே விற்ற நிலம் ஒன்ராறியோவின் ஆய்கூடத்தைத் தாங்கி நின்றதெனச் சொன்னால் அது மிகையாகாது. 2024 ஜனவரியில் கனடிய மத்திய அரசு மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தது, அத்தூண் சரிந்தது. 2025இல் சென்ரெனியல் கல்லூரி 49 பாடநெறிகளுக்கான புதிய சேர்ப்பை நிறுத்திவைப்பதாக அறிவித்தது.

எமது வாசகர் இதனைத் தொலைநாட்டுச் செய்தியாகக் கருதவேண்டியதில்லை. 2013இல் இலங்கையின் க.பொ.த. உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவு புகுத்தப்பட்டது. ‘பொறியியற் தொழில்நுட்பவியல்’ என்ற பாடப் பெயரும் அதனோடு வந்தது. கிளிநொச்சி அறிவியல்நகரிலே யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் தொழில்நுட்ப பீடமும் இன்று அயலயலாக இயங்குகின்றன. இங்கும் கோடு கணிதத்தினூடாகவே செல்கின்றது: பொறியியற் பீடத்துக்கு இணைந்த கணிதம் வேண்டும்; தொழில்நுட்பப் பிரிவு மாணவன் அப்பாடத்தை எடுப்பதில்லை. பதினாறு வயதிலே, க.பொ.த. சாதாரணதரப் பெறுபேறு வந்த சில வாரங்களுக்குள், அவன் எப்பக்கம் நிற்பான் என்பது முடிவாகிவிடுகின்றது. அவ்வேளையில் அவனது பாடசாலையில் இணைந்த கணிதத்துக்கு ஆசிரியர் இருந்தாரா, இருபீட மாணவரும் எவ்வெப் பிரதேசங்களிலிருந்தும் எவ்வெத் தொழில் செய்யும் பெற்றோரின் வீடுகளிலிருந்தும் வருகின்றனர், பட்டம் பெற்றபின் எச்சேவைகளில் எந்தத் தரத்தில் அமர்த்தப்படுகின்றனர் என்பன எமது சங்கத்தின் இளம் ஆய்வாளர் களத்திற்சென்று திரட்டக்கூடிய தரவுகள். வன்னியின் பாடசாலைகளிலிருந்தே அவ்வேலையைத் தொடங்கலாம்.